பன்விலவில் ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டு வெண்டைக்காய்கள்

2024 பிப்ரவரி 13, செவ்வாய்க்கிழமை. கண்டியில் தங்கியிருந்த விடுதியில் காலை 4.50க்கு எழுந்தேன். இரண்டு தம்ளர் வெந்நீர் குடித்தேன். முகம் மழித்து, குளித்து, சட்டையை நானே தேய்த்துக்கொண்டேன். விடுதியில் தேய்த்துத் தருவார்கள். கைமடிப்பில் கோடு விழுந்துவிடும். பிறகு நகங்களைப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை வெட்டியவை, ஒழுங்காக இருந்தன. வலது கட்டைவிரல் நகத்தை மட்டும் எப்போதும் கொஞ்சம் விட்டுத்தான் வெட்டுவேன். காய்கறி வாங்க அது வேண்டும்.

மதுரையில் ஒரு கல்லூரி நூலகத்தில் நூற்பட்டியல் போடுவது என் வேலை. வீட்டுக்குக் காய் வாங்குவது இருபத்தேழு ஆண்டுகளாக என் பொறுப்பு. சுரைக்காயை நகத்தால் குத்திப் பார்ப்பேன். முருங்கைக்காயை முறுக்குவேன். தேங்காயைக் காதருகே ஆட்டுவேன். வெண்டைக்காயை ஒவ்வொன்றாக எடுத்து நுனியைக் கட்டைவிரலால் ஒடிப்பேன். பட்டென்று ஒடிந்தால் பிஞ்சு, வளைந்தால் முற்றல். என் மனைவி கூட வந்தால் பத்தடி தள்ளி நிற்பாள். தெரிந்தவர்கள் யாராவது வந்தால் இன்னும் பத்தடி போவாள்.

கண்டிக்கு வந்ததும் அவள் அனுப்பித்தான். பங்குனியில் எங்கள் மகளுக்குக் கல்யாணம். மனைவியின் சித்தி மகள் மல்லிகா பன்விலவில் இருக்கிறாள். அந்தக் காலத்தில் மனைவியின் அம்மா குடும்பம் கப்பலேறி இந்தியா வந்துவிட்டது. சித்தி குடும்பம் இங்கேயே நின்றுவிட்டது. பத்திரிகையைத் தபாலில் அனுப்பினால் அது நோட்டீஸ், வாட்ஸப்பில் அனுப்பினால் அவமானம் என்பது என் மனைவியின் கட்சி. எனவே பத்திரிகை, குங்குமச் சிமிழ், ஒரு பட்டுப்புடவை, நான்.

காலைப் பலகாரத்துக்குப் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துக் கடை ஒன்றில் உட்கார்ந்தேன். தேநீர் மட்டும் கேட்டேன். பரிமாறுபவர் ஒரு தட்டு நிறைய ரோல்ஸ், பட்டிஸ், உளுந்து வடை என்று ஏழு உருப்படிகளைக் கொண்டுவந்து முன்னால் வைத்துவிட்டுப் போனார். கேட்காமலே கொடுக்கிறார்களே, என்ன உபசாரம் என்று நெகிழ்ந்தேன். சூடாக இருப்பது எது என்று அறிய ஏழையும் கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்திப் பார்த்து, வடை இரண்டையும் ஒரு ரோல்ஸையும் சாப்பிட்டேன்.

இங்கே வழக்கம், தட்டில் இருப்பதில் தின்றதற்கு மட்டும் கொடுத்தால் போதும். மீதி அடுத்த மேசைக்குப் போகும். பரிமாறியவர் தட்டைப் பார்த்தார். ஏழிலும் என் விரல் பள்ளம். "ஐயா, தொட்டதெல்லாம் உங்களுக்குத்தான்" என்றார். கோபமே இல்லாமல் மீதி நான்கையும் தாளில் சுற்றிக் கொடுத்தார்.

பன்வில பேருந்தில் முன்வரிசை இருக்கை ஒன்று காலியாக இருந்தது. அவ்வளவு கூட்டத்திலும் யாரும் அதில் உட்காரவில்லை. மேலே ஏதோ எழுதியிருந்தது. எந்த அறிவிப்பையும் வாசிக்காமல் விடுகிறவன் அல்ல நான். ஆனால் அது சிங்களத்தில் இருந்தது. உட்கார்ந்தேன். வத்தேகம வரை பேருந்தே என்னைப் பார்த்துக்கொண்டு வந்தது. சட்டையைத்தான் பார்க்கிறார்கள் என்று நினைத்தேன். வத்தேகமயில் ஒரு பிக்கு ஏறினார். அப்போதுதான் அந்த இருக்கை மதகுருமாருக்கு உரியது என்று பக்கத்தில் நின்றவர் காதில் சொன்னார். துள்ளி எழுந்தேன். பிக்கு என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு உட்கார்ந்தார். நடத்துநர் தமிழில், "உள்ளுக்குப் போங்க, நல்லா எடமிருக்கு" என்றார். இடம் இல்லை. மீதிப் பயணத்தை ஒரு குடைக்கும் ஒரு பலாக்காய்க்கும் நடுவில் நின்று முடித்தேன். அந்தப் பலாக்காயைத் தட்டிப் பார்த்தேன். விளைந்திருந்தது.

மல்லிகாவும் அவள் கணவர் தவராசாவும் சந்தியில் காத்திருந்தார்கள். அவர் த்ரீவீல் ஓட்டுகிறார். நாம் ஆட்டோ என்பது இங்கே த்ரீவீல். மல்லிகா தேயிலை மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவள். இப்போது அதை விட்டுவிட்டுக் கால் ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்துக் காய்கறி போடுகிறாள். வீட்டில் கதிரையை, அதாவது நாற்காலியை, துடைத்துப் போட்டார்கள். பத்திரிகையை முறைப்படி கொடுத்தேன். வெறுங்கையோடு வந்ததாக இருக்கக் கூடாது என்று தாளில் சுற்றிய நான்கு பலகாரங்களையும் கொடுத்தேன்.

பிரித்துப் பார்த்தாள். "என்னா அத்தான், எல்லாத்துலயும் ஒரு குழி இருக்கு?"

நடந்ததைச் சொன்னேன். மனைவியின் தங்கைக்கு இப்படி ஒரு கதையைக் கொடுப்பது எவ்வளவு ஆபத்து என்று அப்போது யோசிக்கவில்லை. சாயங்காலம் வரை தண்ணீர்ச் செம்பு, துண்டு, தலையணை என்று நான் எதைத் தொட்டாலும், "தொட்டுட்டீங்க, இனி ஒங்களுக்குத்தான்" என்றாள்.

மாலையில் தோட்டத்தைக் காட்டினாள். சரிவில் மூன்று படிகள், மூன்றிலும் வெண்டை. இங்கே வெண்டிக்காய் என்கிறார்கள். மேலே ஊற்றிலிருந்து குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றுகிறாள். சுற்றிலும் பழைய சேலைகளைக் கட்டி, தகர டப்பாக்களைத் தொங்கவிட்டிருந்தாள். எல்லாம் குரங்குக்காக. இவ்வளவு நாளும் காயைச் சந்தி ஓரத்தில் சாக்கு விரித்துத்தான் விற்றாளாம். மதியத்துக்குள் பாதி வாடிப்போகுமாம். இப்போது அக்குறணையில் இஸ்மாயில் ஹாஜியார் என்பவர் கடைக்குக் காய் கேட்டிருக்கிறார். நாளைக் காலை ஒன்பது மணிக்கு இருபது கிலோ கொண்டுபோக வேண்டும். பிடித்துவிட்டால், ஒருநாள் விட்டு ஒருநாள் வருஷம் முழுக்க அவரே எடுத்துக்கொள்வார். பிடிக்காவிட்டால் மறுபடியும் சாக்குதான்.

"மொதல் காய் அத்தான். அத வச்சுத்தான் எல்லாம்" என்றாள். அன்று அவள் கேலியில்லாமல் பேசிய ஒரே வாக்கியம் அது. இரவு ரொட்டியும், கட்டைச் சம்பல் என்கிற காரத் துவையலும். ஒன்பதுக்குப் படுத்தேன்.

பிப்ரவரி 14, புதன்கிழமை. காலை 4.50க்கு எழுந்தேன். மல்லிகா எனக்கு முன்பே எழுந்து, முழுக்கைச் சட்டை போட்டு, கைக்குப் பழைய காலுறை மாட்டித் தயாராக இருந்தாள். வெண்டைச் செடியில் சுணை இருக்கிறது. உடம்பில் பட்டால் நாள் முழுக்க அரிக்கும். இருபத்தேழு ஆண்டுகளாக வெண்டைக்காய் வாங்கியவனுக்கு இது செய்தி.

நானும் உதவுவேன் என்றேன். அரைக்கைச் சட்டையைப் பார்த்துவிட்டு, செடிப் பக்கம் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். தவராசா பறித்த காய்களை வாளியில் கொண்டுவந்து வீட்டுக்குப் பின்னால் வைப்பார், நான் உட்கார்ந்து தரம் பிரிக்க வேண்டும். "முத்தலா எதாச்சும் வந்திருந்தா எடுத்துப் போட்டுடுங்க, போதும்" என்றாள்.

என்னிடம் கொடுக்கத்தக்க வேலை உலகத்தில் ஒன்று உண்டென்றால் அது இதுதான்.

6.05க்குத் தொடங்கினேன். ஒரு காயை எடுப்பது, நுனியை ஒடிப்பது, ஓசையைக் கேட்பது, காயைப் பெட்டியில் அடுக்குவது, நுனியைச் சட்டியில் போடுவது. குப்பை போடக் கூடாது அல்லவா. காம்புகள் எல்லாம் ஒரே பக்கம் பார்க்க அடுக்கினேன். தவராசா ஐந்து முறை வாளியோடு வந்தார். மூன்றாம் முறை கொஞ்சம் நின்று பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் போனார். என் வேகத்தைப் பார்த்து அசந்துவிட்டார் என்று எடுத்துக்கொண்டேன். 7.58க்கு முடித்தேன். மொத்தம் ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டு காய்கள். முற்றல் ஒன்பது.

மல்லிகா வந்தாள். முதலில் பெட்டிகளைப் பார்க்கவில்லை. சட்டியைத்தான் பார்த்தாள்.

"இது என்னாது அத்தான்?"

"நுனி."

"எதோட நுனி?"

"எல்லாவற்றின் நுனியும்."

வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள். எண்ணிக்கையைச் சொன்னால் தெளிவாகும் என்று எண்ணிக்கையைச் சொன்னேன். தெளிவாகவில்லை. ஒடித்த இடம் மதியத்துக்குள் கறுத்துவிடும், கறுத்த காயை நோய்க்காய் என்று எவரும் தொடமாட்டார்கள், செடியில் அடுத்த பறிப்புக்கு இன்னும் இரண்டு நாள் என்று தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். பின்னால் வந்த தவராசாவை, நீங்களாவது பார்க்கவில்லையா என்று கேட்டாள்.

"பாத்தேன். இந்தியாவுல இப்பிடித்தான் போலன்னு நெனச்சேன். கேட்டா பட்டிக்காட்டான்னு நெனைப்பாரேன்னு கேக்கல."

மல்லிகா என்னை நிமிர்ந்து பார்த்தாள். "கொரங்கு கூட இப்பிடிப் பண்ணல அத்தான். அது திங்கிறத மட்டுந்தான் ஒடிக்கும்."

நான் தின்றது ஒன்று கூட இல்லை.

அவளே எழுந்தாள். கொண்டுபோகாமல் இருந்தால் சொன்ன சொல் தவறியதாகும், கொண்டுபோவோம் என்றாள். "ஒடிச்ச ஆளே வந்து சொல்லட்டும்."

த்ரீவீலில் நான்கு பெட்டிகளும் மல்லிகாவும் நானும். ஏற்றம் வந்த இடத்தில் வண்டி திணறியது. தவராசா திரும்பிப் பார்த்தார். காய்களை இறக்க முடியாது, மல்லிகா காய்க்குச் சொந்தக்காரி. நான் இறங்கி வண்டிக்குப் பின்னால் நடந்தேன். மூன்று ஏற்றங்களில் மூன்று முறை இறங்கினேன். தேய்த்த சட்டை நனைந்துவிட்டது.

மூன்றாம் முறை ஏறி உட்கார்ந்ததும், ஒடிக்காமல் முற்றலை எப்படித்தான் கண்டுபிடிப்பாய் என்று மல்லிகாவைக் கேட்டேன். கண்டுபிடிக்க என்ன இருக்கிறது என்றாள். வெண்டைப் பூ ஒரே ஒரு நாள்தான் விரிந்திருக்கும். எந்தச் செடியில் எந்தப் பூ என்றைக்கு விரிந்தது என்று அவளுக்குத் தெரியும். ஆறு நாள் கழித்துப் பறிப்பாள். "இதெல்லாம் போன வெசாழக்கெழம பூத்தது. ரெண்டு நாள் உட்டா மொத்தமும் முத்தல்."

நான் முப்பத்தொரு ஆண்டுகளாக நாட்குறிப்பு எழுதுகிறவன். ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டு பேருடைய பிறந்தநாளை எழுதாமலே வைத்திருக்கும் ஒருத்தியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மனம் சும்மா இருக்கவில்லை, கணக்குப் போட்டது. வாரம் இரண்டு தடவை சந்தைக்குப் போகிறேன். தடவைக்கு நாற்பது காய் ஒடித்து இருபது எடுக்கிறேன். ஒடித்துவிட்டு எடுக்காமல் போட்டது இருபத்தேழு ஆண்டுகளில் ஐம்பத்தாறாயிரத்து நூற்று அறுபது. எங்கள் சந்தையில் காய் விற்கும் அம்மா நான் ஒடிக்கும்போது ஒன்றும் சொன்னதில்லை. பேசாமல் இருப்பதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டிருந்தேன்.

அக்குறணை ஒரே நீளமான தெரு. இரு பக்கமும் கடைகள், நடுவில் நகராத வண்டிகள். 9.25க்குச் சேர்ந்தோம். ஹாஜியார் வெள்ளைத் தொப்பியும் மூக்குக் கண்ணாடியுமாகக் கடை வாசலில் உட்கார்ந்திருந்தார். அவர் தலைக்கு மேலே ஒரு அட்டை. அதை வாசித்தேன். 'காய்களை உடைத்துப் பார்க்க வேண்டாம்.' மும்மொழியிலும் இருந்தது. தப்பிக்க வழியே இல்லை.

ஹாஜியார் ஒரு காயை எடுத்தார். திருப்பினார். இன்னொன்றை எடுத்தார். "காய் ஷோக்கா ஈக்கி தங்கச்சி. நுனி எங்க?" 'இருக்கு' என்பது அவர் வாயில் 'ஈக்கி'.

மல்லிகா குரங்கின் மேல் பழியைப் போட்டிருக்கலாம். என்னைப் பார்த்தாள். நான் என் பெயர், ஊர், வேலை மூன்றையும் சொல்லி, ஒடித்தது நான்தான் என்றேன்.

"என்னத்துக்கு?"

"முற்றலா என்று பார்க்க."

"எல்லாத்தயுமா?"

"ஒன்றைப் பார்த்தால் மற்றது எப்படித் தெரியும்?"

ஹாஜியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மதுரையில் எல்லாரும் இப்படித்தானா என்று கேட்டார். எல்லாரும்தான் என்றேன். மேசைக்கு அடியிலிருந்து ஒரு அட்டைப் பெட்டியைக் காலால் வெளியே தள்ளினார். நிறைய வெண்டைக்காய், எல்லாம் நுனி ஒடிந்து, வாடி, கறுத்து. "நேத்து ஒரு நாள்ல ஒடச்சிப் பாத்துட்டு உட்டுட்டுப் போனது. இது ஆட்டுக்குப் போற. இங்க வார ஆக்கள்தான் ஒடப்பாங்க எண்டு ஈந்தேன். நீங்க தோட்டத்துக்கே பெய்த்து ஒடச்சிட்டு வந்தீக்கிறீங்க."

பிறகு தீர்ப்புச் சொன்னார். காயை இறக்கி முன்னால் வையுங்கள். ஒடித்தவரே நின்று விற்கட்டும். மதியத் தொழுகைக்குப் பாங்கு சொல்வதற்குள் விற்றால் முதல் காய் தேறியது என்று வைத்துக்கொள்கிறேன். இல்லாவிட்டால், மன்னிக்க வேண்டும் தங்கச்சி. மல்லிகா தலையாட்டினாள். நேரம் 9.40.

முதலில் வந்த அம்மாள் ஒரு காயை எடுத்தார். அவர் கட்டைவிரல் தானாக நுனிக்குப் போனது. அங்கே நுனி இல்லை. விரல் காற்றில் தடவியது. படியில் காலை வைத்து, படி இல்லாதபோது ஒரு முகம் வருமே, அந்த முகம்.

"நானா, இதுக்கு நுனி எங்க?" என்றார். இங்கே அண்ணனை நானா என்பார்கள்.

"பார்த்தாயிற்று அம்மா. ஒவ்வொன்றாக."

காயை வைத்துவிட்டுப் போய்விட்டார். அடுத்து வந்தவர் பார்த்துவிட்டு, பூச்சி தின்றதா என்றார். 10.20 வரை அரைக் கிலோதான் போயிருந்தது. பெட்டியில் காய்களின் ஒடித்த இடங்கள் கறுக்கத் தொடங்கியிருந்தன. மல்லிகா தூணோரம் நின்று சேலை முனையை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக. அதைப் பார்க்க முடியவில்லை.

அடுத்து குடையோடு ஒரு பெண் வந்தார். அவர் விரல் நுனியைத் தேடும் முன்பே, "இது போன வியாழக்கிழமை பூத்தது" என்றேன்.

அவர் குடையைத் தாழ்த்தினார். "ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"எனக்குத் தெரியாது. அவருக்குத் தெரியும். வளர்த்தவர் அவர்தான்" என்று மல்லிகாவைக் காட்டினேன்.

மல்லிகா வந்தாள். அந்தப் பெண் அவளிடம் பூ, தண்ணீர், சுணை எல்லாம் கேட்டார். இத்தனை வருடம் கறி ஆக்குகிறேன், அரிக்கும் என்று தெரியாதே என்றார். மல்லிகா தகர டப்பாவையும் குரங்கையும் சொல்லி, குரங்குக்குத் தப்பிய காய் அத்தானுக்குத் தப்பவில்லை என்று முடித்தாள். ரோல்ஸ் குழியையும் விடவில்லை. அந்தப் பெண் சிரித்த சிரிப்பில் குடை தக்காளிமேல் விழுந்தது. ஒரு கிலோ வாங்கினார். போகிற வழியில் யார் யாரிடம் சொன்னாரோ, கால் மணி நேரத்தில், ஆயிரம் காயை ஒடித்த மதுரைக்காரரைப் பார்க்க ஆட்கள் வந்தார்கள். பார்த்தவர்கள் மல்லிகாவிடம் பேசினார்கள். பேசியவர்கள் வாங்கினார்கள். ஒரு பெரியவர், எல்லாம் பிஞ்சு என்பதற்கு என்ன உறுதி என்றார். ஆயிரத்து நூற்று மூன்றும் நேரில் சோதிக்கப்பட்டவை, இப்படி ஒரு காய் இலங்கையிலேயே கிடையாது என்றேன். அது உண்மையும்கூட.

நடுவில் ஒருவர் பக்கத்துப் பெட்டியில் நல்ல போஞ்சியை எடுத்துப் பட்டென்று ஒடித்தார். அது நம் பீன்ஸ்தான். என்னையறியாமல், "ஒடிக்காதீர்கள்" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "வாங்குறவன் பாக்காம வாங்குவானா?"

என் மனைவிக்கு நான் சொல்லும் வாசகம். ஒரு எழுத்து மாறவில்லை. இருபத்தேழு ஆண்டுகளாக இதற்குப் பதிலே கிடையாது என்று நம்பியிருந்தேன். "பாருங்கள், கேளுங்கள். ஒடித்தால் நீங்கள் வாங்க வேண்டும். இல்லாவிட்டால் அது ஆட்டுக்கு" என்றேன். அவர் ஒடித்த போஞ்சியைப் பார்த்தார், ஹாஜியாரைப் பார்த்தார், கால் கிலோ போடச் சொன்னார்.

பாங்கு ஒலித்தபோது பெட்டியில் கொஞ்சம் காய் மிச்சமிருந்தது. மல்லிகா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஹாஜியார் எழுந்து வந்து, மிச்சத்தை ஒரு பையில் அள்ளி முடிச்சுப் போட்டார். "இது எங்கட ஊட்டுக்கு. வெள்ளிக்கெழம வெள்ளனக் கொண்டாங்க தங்கச்சி. நுனியோட."

மல்லிகா விரலில் சுற்றியிருந்த சேலை முனையை அவிழ்த்துவிட்டாள். "இவர கட்டிப் போட்டுட்டுக் கொண்டாறேன் ஹாஜியார்" என்றாள். பள்ளிவாசலுக்குக் கிளம்பியவர் திரும்பி, நான் ஊருக்குப் போகும் முன் ஒருநாள் கடைக்கு வந்து அட்டைக்குக் கீழே சும்மா நின்றால் நல்லது, அட்டையை யாரும் வாசிப்பதில்லை என்றார்.

திரும்பும்போது காலிப் பெட்டிகள். ஏற்றங்களில் இறங்க வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் முதல் ஏற்றத்தில் பழக்கதோஷத்தில் இறங்கிவிட்டேன். தவராசா கவனிக்காமல் போய்விட்டார். வளைவில் நிறுத்திக் காத்திருந்தார்கள். மல்லிகா சிரித்துச் சிரித்து வண்டியே ஆடியது.

மாலை ஆறரைக்குச் சாப்பாடு. எல்லாருக்கும் சோறு, பருப்பு, கருவாட்டுக் குழம்பு. எனக்கு மட்டும் தனியாக ஒரு கிண்ணம் வந்தது. வெங்காயமும் மிளகாய்த் தூளும் போட்டு மொறுமொறுவென்று வறுத்திருந்தாள். எல்லாம் சின்னச் சின்னதாக, கூராக இருந்தன.

"தொட்டதெல்லாம் ஒங்களுக்குத்தான் அத்தான்" என்றாள் மல்லிகா.

எண்ணாமல் சாப்பிட்டேன். நன்றாக இருந்தது.

பிப்ரவரி 15, வியாழக்கிழமை. காலை 4.50க்கு எழுந்தேன். வெந்நீர் குடிப்பதற்கும் முன்னால், பையிலிருந்து நகவெட்டியை எடுத்து, வலது கட்டைவிரல் நகத்தை மற்ற ஒன்பதுக்கும் சமமாக வெட்டினேன். ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது.